வலிக்கிற காலுக்கு எந்தச் செருப்பு?

சனிக்கிழமை பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகும் சீரகமும் மல்லியும் வாங்க வெளியூர்க்காரர்கள் குவிகிறார்கள். சந்தை ஓரத்து டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் "சக்கரை இல்லாம ஒண்ணு" என்ற குரல் மாற்றி மாற்றிக் கேட்கும். அதன் பின்னாலேயே காலைப் பற்றிய பேச்சும் வரும். "ராத்திரியானா பாதம் எரியுதுங்க, போர்வை பட்டாக்கூடத் தாங்க முடியல" என்பார் ஒருவர். "பஞ்சு மேல நடக்குறாப்பல இருக்குதுங்கண்ணா" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "செருப்பு கழண்டு போனதே தெரியறதில்லீங்க, கீழ குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது" என்பார்.

மூன்று பேருக்கும் இருப்பது ஒரே கோளாறு. பாதத்து நரம்பு கெட்டுப்போவதுதான் அது. மூன்றும் ஒரே ஆளிடம், ஒரே காலில் இருக்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. செருப்பைத் தேர்ந்தெடுப்பதில் தவறுவதும் அதனால்தான்.

இடுப்பிலிருந்து கால் விரல் நுனி வரை போகிற நரம்பு ஏறக்குறைய மூன்றடி நீளம். உடம்பில் மிக நீளமான நரம்பு இழைகள் இவைதான். ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் முதலில் அடிபடுவதும் இவைதான். அதனால்தான் இரண்டு காலிலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறுகிறது. அடிபட்ட இழைகளில் சில, ஒன்றும் நடக்காதபோதே மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்புகின்றன. எரிச்சல், ஊசிக் குத்தல், மின்சாரம் பாய்ந்தாற்போன்ற சுருக்கு எல்லாம் அந்தப் பொய்த் தகவல்களே. பக்கத்திலேயே வேறு இழைகள் முற்றிலும் செத்துப்போயிருக்கும். அவை உண்மையான தகவலையும் அனுப்பாது. இரவெல்லாம் எரிகிற கால், பகலில் முள் ஏறியதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

சர்க்கரை மட்டுமே காரணம் என்றும் இருந்துவிடக் கூடாது. பி12 சத்துக் குறைவு, மது, தைராய்டு, சிறுநீரகக் கோளாறு, சில புற்றுநோய் மருந்துகள், தொழுநோய் ஆகியவற்றாலும் இந்த நரம்புகள் கெடும். மெட்பார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். ஆனாலும் நம் ஊரில் பெருங்காரணம் சர்க்கரைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று அது கணக்கிட்டது.

இனி செருப்புக்கு வருவோம். கால் எரிகிறவர் கடைக்குப் போனால், எது மெத்தென்று இருக்கிறதோ, எது எங்கேயும் படாமல் தொளதொளவென்று இருக்கிறதோ அதை எடுப்பார். கால் மரத்தவர் நேர்மாறாகச் செய்வார். இறுக்கமாக இருந்தால்தான் காலில் செருப்பு இருப்பதே அவருக்குத் தெரியும், அதனால் ஒரு சைஸ் குறைவாக வாங்கிவிடுவார். இரண்டு பேருமே போட்டுப் பார்த்து, "இதுதான் சுகமா இருக்கு" என்று காசு கொடுத்து வருகிறார்கள். இரண்டு பேரையும் ஏமாற்றியது அவரவர் காலே. நான் அழுத்தமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்: நரம்பு கெட்ட காலுக்குச் செருப்பு வாங்கும்போது காலின் பேச்சைக் கேட்கக் கூடாது. கண்ணாலும் கையாலும் அளந்து வாங்க வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர், டீக்கடையிலிருந்து நிமிர்ந்தால் தெரிகிற கொல்லிமலையில் பிறந்தவர். பெயர் பால் பிராண்டு. 1914-ல் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி பிராண்டும் அம்மா எவலினும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மோட்டார் ரோடு இல்லாத அந்தக் காலத்தில் மலையேறிப்போய் மக்களோடு வாழ்ந்து, மருந்து கொடுத்தவர்கள். ஜெஸ்ஸி 1929-ல் மலைக்காய்ச்சலில் இறந்தார். எவலின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல், முதுமையிலும் இந்த மலைகளிலேயே சுற்றி வந்தவர். கடைசியில் கணவருக்குப் பக்கத்திலேயே கொல்லிமலையில் அடக்கமானார். மலைக்குத் தேடி வந்த தொழுநோயாளிகளின் பாதப் புண்ணை அப்பா கழுவிக் கட்டுப்போட்டதைச் சிறுவனாகப் பார்த்ததை பால் பிராண்டு பிற்பாடு நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார்.

அவர் நேராக டாக்டருக்குப் படிக்கவில்லை. முதலில் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றார், அதன் பிறகுதான் லண்டனில் மருத்துவம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இவர்களுடைய கையும் காலும் ஏன் இப்படி அழிகின்றன? தொழுநோயே சதையைத் தின்றுவிடுகிறது என்று எல்லோரும் நம்பிய காலம். பிராண்டும் உடன் இருந்தவர்களும் வருடக்கணக்காகப் பார்த்துக் கண்டது வேறு. நோய் நரம்பைக் கொல்கிறது. நரம்பு செத்ததால் வலி போகிறது. வலி போனதால் அந்த ஆள் தன் காலைத் தானே தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார். சதையில் கோளாறு இல்லை. ஓய்வு கொடுத்தால் அந்தப் புண் ஆறுகிறது.

அவருக்கே நடந்த ஒரு சம்பவத்தையும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் ஒரு நீண்ட ரயில் பயணம் முடிந்து இரவு சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசி எடுத்துக் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தனக்கும் நோய் தொற்றிவிட்டதென்று விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார். வலித்தது. ரயிலில் உட்கார்ந்திருந்த வாக்கில் ஒரு நரம்பு நசுங்கியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். வலியை அவர் அளவுக்கு நன்றியோடு எழுதியவர்கள் குறைவு. கால் எரிந்து தூக்கம் கெட்டவருக்கு அந்த நன்றி எளிதில் வராது, வர வேண்டியதும் இல்லை. ஆனால் அவர் பிரித்துச் சொன்ன ஒரு விஷயம் எரிகிற காலுக்கும் மரத்த காலுக்கும் சேர்த்தே உதவுகிறது.

செருப்பும் நடையும் பாதத்தை மூன்று வழியில் கெடுக்கும் என்றார் அவர். ஒன்று, லேசான அழுத்தம் மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருப்பது. இறுக்கமான வார் சுண்டுவிரலை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்தம் போகாது, தோல் செத்துவிடும். இரண்டு, ஒரே நொடியில் ஏறுகிற முள், ஆணி, கண்ணாடி. மூன்றாவதை நாம் கவனிப்பதே இல்லை. ஒரே இடத்தில் மிதமான அழுத்தம் ஆயிரம் ஆயிரம் தடவை விழுவது. பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் முன்பந்தில், ஒவ்வொரு அடிக்கும் எடை விழுகிறது. நல்ல நரம்பு இருப்பவர் நாலு கிலோமீட்டர் நடந்ததும் தன்னையறியாமல் நடையை மாற்றுவார். கொஞ்சம் சாய்ப்பார், விரலை மடக்குவார், எடையை வேறு இடத்துக்குத் தள்ளுவார். நரம்பு கெட்டவர் முதல் அடியை எப்படி வைத்தாரோ அப்படியே கடைசி அடியையும் வைப்பார். அந்த இடம் சிவந்து, சூடாகி, தடித்து, ஆணிக்காலாகி, அதன் அடியிலேயே புண்ணாகும். மேலே காய்ந்த தோல், கீழே சீழ்.

நரம்பு கெடும்போது பாதத்தின் சின்னத் தசைகளும் சூம்பிவிடும். விரல்கள் மடங்கி நகம்போல் வளையும், முன்பந்து எலும்புகள் கீழ்நோக்கித் துருத்தும், அதன் அடியில் இருந்த கொழுப்பு மெத்தை முன்னால் நழுவிவிடும். வியர்வை நிற்பதால் தோல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். பழைய கால் வேறு, இப்போதைய கால் வேறு. பத்து வருடமாகப் போடுகிற சைஸை இன்னும் கேட்டு வாங்குவது சரியல்ல.

இதற்கு மருந்து என்ன? சந்தையில் மூட்டை தூக்குகிறவர் தலையில் சும்மாடு வைக்கிறார் அல்லவா? மூட்டையின் எடை ஒரு கிராமும் குறையவில்லை, ஒரே புள்ளியில் விழாமல் பரவிவிடுகிறது. பாதத்துக்குத் தேவை அப்படி ஒரு சும்மாடுதான். வேலூரிலும், 1955-ல் தொடங்கிய காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மையத்திலும் மரக்கட்டை உட்படப் பலவற்றையும் முயன்று பார்த்து, கடைசியில் பிராண்டு குழுவினர் நின்ற இடம் மைக்ரோசெல்லுலார் ரப்பர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றறைகள் நிறைந்த ரப்பர் அது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும், ஆனால் அடியோடு சப்பளிந்து போகாது. மருத்துவச் செருப்புக்கு ஷோர் அளவில் சுமார் 15 என்ற மென்மையில் இதைத் தயாரிக்கிறார்கள். நம் ஊரில் இதற்குப் பெயர் எம்.சி.ஆர். செருப்பு. மேலே இந்த மெத்தை, கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர், அகலமான வார், பின்னால் குதிகால் வார். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஒட்டியோ தைத்தோதான் இருக்கும்.

பிராண்டு 1966-ல் அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் கால்களை அங்கே பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. நோய் வேறு, கால் ஒன்றுதான். தமிழ்நாட்டில் தொழுநோயாளிகளோடு சேர்ந்து கற்றது, அதன் பிறகு உலகம் முழுக்கச் சர்க்கரைக் கால்களுக்குப் போனது. 2003-ல் அவர் இறந்தார். இந்தக் கதை நாமக்கல் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

செருப்பு மட்டும் மாறினால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னை ராயபுரத்தில் உள்ள எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனையில் டாக்டர் விஜய் விஸ்வநாதன் குழுவினர் செய்த ஆய்வு 2004-ல் 'டயாபடிஸ் கேர்' என்ற மருத்துவ இதழில் வந்தது. ஏற்கெனவே பாதத்தில் புண் வந்தவர்கள் 241 பேர். ஒரு சாராருக்கு எம்.சி.ஆர். போன்ற மெத்தை வைத்த செருப்புகள், இன்னொரு சாராருக்கு அந்த மெத்தை இல்லாத சாதாரணச் செருப்பு. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, மெத்தைச் செருப்புக்காரர்களில் 4 சதவீதத்தினருக்குப் புதிதாகப் புண் வந்திருந்தது. மற்றவர்களில் 33 சதவீதம். எந்த மாத்திரைக்கும் பொறாமை வரவைக்கிற வித்தியாசம் இது.

சரி, கடைக்குப் போவோம். சாயங்காலம் போங்கள், கால் அப்போதுதான் வீங்கி முழு அளவில் இருக்கும். போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை. அட்டையில் ஏறி நின்று, வேறொருவரை விட்டு இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லுங்கள். நிற்கும்போதுதான் வரைய வேண்டும், உட்கார்ந்தால் பாதம் சுருங்கிவிடும். அதை வெட்டி எடுத்துக்கொண்டு போய் ஷூவுக்குள் நுழைத்துப் பாருங்கள். ஓரம் மடங்கினால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை, எவ்வளவு சுகமாக இருந்தாலும் சரி. திறந்த செருப்பானால், அட்டைக்கு வெளியே சுற்றிலும் கொஞ்சம் விளிம்பு மிஞ்ச வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது, பெரிய காலுக்கு வாங்குங்கள்.

பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். தையல் முடிச்சு, பசைக் கட்டி, மடிப்பு எது விரலில் தட்டினாலும் வேண்டாம். செருப்பை இரண்டு கையாலும் வளையுங்கள்: விரல் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் அது பாதத்தைத் தாங்காது. உள்மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும். அடிப்பக்கத்தை நகத்தால் குத்தினால் இறங்கக் கூடாது.

மெத்து மெத்தென்ற ஹவாய் செருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சந்தையில் முக்கால்வாசிக் கால்களில் அதுதான். விரலிடுக்கில் வருகிற வார், உணர்ச்சி இல்லாத இடத்தை அறுக்கும். கழன்றுவிடாமல் இருக்க, விரல்கள் ஓயாமல் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே வளைந்த விரல் இன்னும் வளையும். கருவேல முள் அதில் தாராளமாக ஏறும். நரம்பு கெட்ட காலுக்கு ஹவாய் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வலி அதிகம் உள்ளவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். மேல்பாதத்தில் வார் பட்டாலே எரிகிறது என்றால் மெல்லிய வாரைத் தேடாதீர்கள். அகலமான, உள்ளே மென்மையான துணி அல்லது தோல் தைத்த வார்தான் குறைவாக உறுத்தும். தளர்த்தி இறுக்கும்படி ஒட்டுப் பட்டை இருந்தால், வீக்கத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். தையல் மேடு இல்லாத பருத்தி சாக்ஸ் ஒன்று உள்ளே போட்டால் தோலில் உராய்வது குறையும். வெள்ளை சாக்ஸாக இருக்கட்டும், ரத்தமோ நீரோ கசிந்தால் உடனே கண்ணில் படும். முன்பந்தில் குத்தல் உள்ளவர்கள், முன்பகுதி படகுபோல் மேல்நோக்கி வளைந்த கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூவைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். விரல் மடங்காமலேயே கால் உருண்டு முன்னே போகும். ராத்திரி போர்வை பாதத்தில் படாமல் இருக்கக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்து அதன் மேல் போர்வையை விரிக்கலாம். எரிச்சலுக்கு டுலாக்ஸ்டீன், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் உண்டு. டாக்டர்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும். மிளகாயின் காரச்சத்தான காப்சைசின் களிம்பும் நரம்பு எரிச்சலுக்கு மருந்தாகப் பயன்படுகிறது. அதற்காகச் சந்தை மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், புண்ணாகிவிடும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்துபோன பிறகுதான் தெரியும்.

புதுச் செருப்பை முதல் நாளே சந்தைக்குப் போட்டு வராதீர்கள். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போதும். கழற்றிவிட்டுப் பாதத்தைப் பாருங்கள், கீழே பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வையுங்கள். எங்காவது சிவந்திருந்து, அரை மணி நேரத்துக்குப் பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் அங்கே அழுத்துகிறது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக இருந்தால், அடுத்து புண் வரப்போகிற இடம் அது. நடையை நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். தினமும் போடும் முன் செருப்பைத் தலைகீழாகத் தட்டுங்கள். புளியங்கொட்டை ஒன்று உள்ளே கிடந்து, அதை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க நடந்தவர்கள் இருக்கிறார்கள். மெத்தை அமுங்கி எழவில்லை என்றால் மேலே தோல் புதிதுபோல் இருந்தாலும் அந்தச் செருப்பின் ஆயுள் முடிந்தது.

நம் பழக்கத்தில் இரண்டு இடங்களில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது: வீடு, கோயில். வீட்டுக்குள் தனியாக ஒரு ஜோடி மெத்தைச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போட்டுப் போகாமல் இருந்தால் யார் மனமும் நோகாது. கோயில் விஷயத்தில், கூவைமலை பழனியப்பரையோ அறப்பளீஸ்வரரையோ பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள், தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். உச்சிவெயிலில் கல் தரையில் வெறுங்காலோடு நின்றால், கொப்புளம் வந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். வெறுங்காலோடு பழனிக்கு நடப்பதாக வேண்டுதல் இருந்தால், காலுக்கு உணர்ச்சி இல்லை என்று தெரிந்த பிறகு அதை வேறு விதமாகச் செலுத்தலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எம்.சி.ஆர். செருப்பைப் போடத் தயங்குகிறவர்களை எனக்குத் தெரியும். கறுப்பு எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தாலே தொழுநோய் என்று ஊர் பேசிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பேச்சு அன்றைக்கும் அநியாயம், இன்றைக்கும் அநியாயம். இப்போது பல நிறத்திலும் வடிவத்திலும், பெண்களுக்கான மாதிரிகளிலும் கிடைக்கின்றன. கரிகிரி மையத்தின் காலணிப் பட்டறை இன்னும் இயங்குகிறது. பெரிய ஊர்களின் சர்க்கரை நோய் மருத்துவமனைகளிலும் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள். பெட்டியில் 'டயாபடிக்' என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மேலே சொன்ன அட்டையும் கட்டைவிரலும் அதற்கும் பொருந்தும். நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விடுகிறது என்றால், அது ரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம். அதற்குச் செருப்பு மட்டும் போதாது, ரத்தக்குழாயைப் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும்போது, "காலையும் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். பாதத்தில் ஒரு நைலான் இழையை வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். வலிக்காது, ஐந்து நிமிடம்கூட ஆகாது. போகும்போது இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பழைய செருப்போடே போங்கள். எந்த இடத்தில் அது அதிகம் தேய்ந்திருக்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்கட்டும்.